கிணறு சிவந்த வருஷம்

நான் வாழப் போன வீட்டுக் கிணறு என்னால்தான் கெட்டது என்று பங்காளி வீட்டுப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். சொன்னது பொய். செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்லி அழுதவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். செய்தேன் என்று சொல்லிவிட்டு, அன்று மத்தியானம் உட்கார்ந்து சோறும் தின்றவள் நான். இதை எழுத உட்கார்ந்தால் இந்த வயதிலும் காது மடல் சுடுகிறது.

நான் பிறந்தது வேலந்தாவளத்துக்குக் கிழக்கே, கோயமுத்தூர் ஜில்லாவில். வாழப் போனது கொழிஞ்சாம்பாறைப் பக்கம், கொச்சி ராஜ்யத்தில். சர்க்கார்தான் வேறேயே தவிர இரண்டு பக்கமும் ஒரே சோளக்காடு, ஒரே பேச்சு. காலையில் வண்டி கட்டினால் மத்தியானச் சோற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். என் அப்பாவும் மாமனாரும் வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் பழக்கமானவர்கள். சம்பந்தத்தையும் அங்கேயே ஒரு புளியமரத்தடியில் பேசி முடித்துவிட்டார்கள். என் பல்லை மட்டும்தான் பிடித்துப் பார்க்கவில்லை.

புகுந்த வீட்டில் ஒரு சேந்துகிணறு. மூன்று பங்காளி வீடுகளுக்கும் அதுதான் குடிதண்ணீர். எங்கள் கல்யாணம் வைகாசியில் என்றதும், வருகிற சனத்துக்குத் தண்ணீர் போதாதென்று மாமனார் சித்திரை வெயிலில் வேட்டு வைத்துக் கிணற்றை இன்னும் ஆழமாக்கினார். பாறைக்கு அடியில் புதிதாக ஓர் ஊற்றுக்கண் திறந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்களையெல்லாம் கிணற்றடிக்குக் கூட்டிப் போய் எட்டிப் பார்க்க வைத்தார். "இத்தன சனம் குடிச்சும் ஒரு படி எறங்குச்சா பாருங்க!" என்பார். அவர் மணப்பெண்ணைக் காட்டியதைவிடக் கிணற்றைக் காட்டியதுதான் அதிகம்.

ஆடி பிறந்ததும் வழக்கப்படி அப்பா வந்து என்னை அழைத்துப் போனார். அந்த மாதம் முழுக்கப் பிறந்த வீட்டில் இருந்துவிட்டு ஆவணியில் திரும்பினேன். திரும்பிய சில நாட்களிலேயே கிணற்றுத் தண்ணீரின் மேல் ஏதோ மினுமினுத்தது. விளக்கெண்ணெய் சிந்தியது மாதிரி நீலமும் பச்சையுமாக ஒரு படலம்.

மாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்புள்ள, தலைக்கு எண்ண வெச்சுப்போட்டு அந்தக் கையோட கயித்தப் புடிச்சியா?"

"இல்லீங்க அத்தை."

"பின்ன எண்ண எங்கிருந்து வரும்? நம்மூட்டுல வாரத்துக்கொருக்கா எண்ண தேச்சுக் குளிக்கறது நீதான?"

அது உண்மைதான். என் அம்மா தலைமுடி விஷயத்தில் கண்டிப்பானவர், அந்தப் பழக்கம் என்னோடு வந்திருந்தது. அதன் பிறகு தேய்த்துக் குளித்தால் சீயக்காய் போட்டுக் கையை இரண்டு தரம் கழுவிவிட்டுத்தான் கயிற்றுப் பக்கம் போனேன். படலம் போகவில்லை.

புரட்டாசியில் ஒரு காலை, பங்காளி வீட்டுச் சின்ன மாமியார் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தவர் வாளியைப் பாதியில் விட்டுவிட்டு அலறினார். நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தோம். தண்ணீரில் முங்கிக் கிடந்த கயிற்றில் கொழகொழவென்று கட்டி கட்டியாக ஏதோ தொங்கியது. செம்மண் குழம்பும் இல்லை, ரத்தமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். உள்படிக்கல்லிலும் அதே கொழகொழப்பு ஒட்டியிருந்தது. அங்கே நின்ற பெண்கள் முதலில் கயிற்றைப் பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஏன் என்னைப் பார்த்தார்கள் என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மாதத்தில் வீட்டுக்குத் தூரமாகிற நாட்களில் பெண்கள் பொடக்காளியில், அதாவது வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையை ஒட்டின ஓலைச் சாளையில் இருக்க வேண்டும். கிணற்றையோ கயிற்றையோ வாளியையோ தொடக் கூடாது. யாராவது தண்ணீர் சேந்தி எட்ட நின்று ஊற்றுவார்கள். அந்த நாட்களில் நான் கிணற்றைத் தொட்டிருக்கிறேன், அதைத்தான் கிணறு காட்டிக் கொடுக்கிறது என்பது அவர்கள் முடிவு. அந்த முடிவை யாரும் உரக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்ல ஓர் இடமாவது கிடைத்திருக்கும்.

என் மாமியார் கெட்டவர் இல்லை. அவர் யோசித்த விதத்தில் பிழை கண்டுபிடிக்க இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. "ஆடி மாசம் முச்சூடும் தண்ணி நல்லாத்தான இருந்துச்சு? இவ ஊட்டுக்கு வந்தா, தண்ணி செவந்துச்சு" என்று சின்ன மாமியாரிடம் சொன்னார். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? சித்திரையில் மாமனார் வைத்த வேட்டை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மாமனார் பெருமையாகக் காட்டிய கிணற்றைக் குறை சொல்வதற்கு அந்த வீட்டில் ஆள் கிடையாது. வந்தவளைக் குறை சொல்ல மூன்று வீட்டிலும் ஆள் இருந்தது.

சேந்தும்போது தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். குடத்தில் ஊற்றி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கலங்கி, அடியில் சிவப்பாக வண்டல் படியும். வெள்ளை வேட்டியை அந்தத் தண்ணீரில் அலசினால் காய்ந்த பிறகு மங்கலான கறைகள் தெரியும். மாமனார் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார், நான் வாசலைப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்தக் கறை என் உடம்பிலிருந்து போனது என்று ஊரே நினைக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டால், பிறகு அந்த வேட்டியை எந்தக் கண்ணால் பார்ப்பது?

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். ஒருவேளை சாளைக்குப் போகும் முன்பே தூரமாகியிருந்து, தெரியாமல் கயிற்றைப் பிடித்திருப்பேனோ? உடம்பு சொல்லாமல் கொள்ளாமல் ஏதாவது செய்திருக்குமோ? அடுப்பு ஊதும்போதும் இதே யோசனை. சாணி தட்டும்போது கையை முகர்ந்து பார்ப்பேன். கிணற்றுக் கயிற்றில் வந்த இரும்பு வாடை என் விரலிலும் வந்தது, அந்தக் கயிற்றைத் தொட்ட எல்லோருடைய விரலிலும் வந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டார், களத்துமேட்டில் வைத்து.

"நீ தொட்டயா?"

"இல்லீங்க."

"அம்மா சும்மா சொல்லுமா?"

அவர் வைக்கோலை ஒரு கை உருவிப் போட்டுவிட்டு, "உன்னய உங்கூட்டுல கொண்டுபோய் உட்டர்லாம்ங்கறாங்க. உங்கப்பனுக்குச் சொல்லி உட்டாச்சு. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிப்போடு. மஞ்சத் தண்ணி ஊத்திப்போட்டு எல்லாரும் மறந்துருவாங்க. இல்ல இல்லன்னா இழுத்துக்கிட்டேதான் கெடக்கும்" என்றார்.

அவர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். எனக்குப் பின்னால் கல்யாணமாகாத தங்கைகள் இரண்டு பேர். வாழாவெட்டியாக நான் போய் அந்த வீட்டு வாசலில் இறங்கினால் அவர்களைக் கேட்டு எவன் வருவான்? நான் யோசித்தது இதைத்தான். தைரியம் இல்லாமல் இல்லை, தங்கைகளுக்காகத்தான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தைரியமும்தான் இல்லை.

மறுநாள் அப்பா வந்தார். சந்தைக்கு வரும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே நுழைகிற மனிதர், அன்று செருப்பை வாசலுக்கு வெகு முன்னாலேயே கழற்றிவிட்டு வந்தார். தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போயிருந்தது. கிணற்றடியில் மூன்று வீட்டுப் பெண்களும் நின்றார்கள். ஆண்கள் கொஞ்சம் தள்ளி, வேறு எதையோ பேசுகிற பாவனையில் நின்றார்கள்.

மாமியார், "உங்கப்பன் முன்னால சொல்லு புள்ள. தூரமா இருக்கறப்ப கயித்தத் தொட்டயா?" என்றார்.

"தொட்டுட்டேனுங்க அத்தை."

சொன்னவுடன் அப்பாவைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. என் அம்மா செத்த அன்றுகூட அப்படி முகம் வைத்தவர் இல்லை அவர். "புள்ள தெரியாமப் பண்ணிப்போட்டாளுங்க. பெரிய மனசு பண்ணி வெச்சுக்கோணும்" என்று என் மாமியாரைப் பார்த்துக் கும்பிட்டார். வயதில் மூத்தவர், என் அப்பா, நான் செய்யாத ஒன்றுக்காகக் கும்பிட்டார். மாமனாரே வந்து அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். சாப்பிடச் சொன்னார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். நான் சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன்.

கிணற்றை இறைத்து, படிக்கல்லைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கயிற்றை மாற்றி, கோமியம் தெளித்தார்கள். கடைசியில் நான் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரைக் கிணற்றில் ஊற்றினேன். புதிதாக ஊறிய தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம் என்பதுதான் இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. ஒப்புக்கொண்டதால்தான் தெளிந்தது, அப்படியானால் நான் தொட்டுத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு நிம்மதி.

கார்த்திகையில் மறுபடியும் சிவந்தது.

முதல் தடவை மறுத்ததைக் கேட்கவாவது செய்தார்கள். ஒருமுறை ஒப்புக்கொண்டவள் இரண்டாம் முறை மறுத்தால் எந்தக் காதில் ஏறும்? இந்தத் தடவை யாரும் என்னை ஒன்றும் கேட்கவே இல்லை. பண்டிகை நாளில் பெண்ணை அழ வைக்கக் கூடாது, பொங்கல் கழியட்டும், அப்புறம் வண்டி கட்டிக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். எனக்குப் புதுச் சேலைகூட எடுத்தார்கள்.

அந்தப் பொங்கலுக்கு என் நங்கை, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, தன் வீட்டுக்காரரோடு வந்தார். அந்த அண்ணன் பாலக்காட்டில் ஒரு காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்துகிறவர். வீட்டு மாப்பிள்ளை என்பதால் அவருக்குத் தனி மரியாதை. அதே காரணத்தால் கிணற்று விவகாரம் அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். மருமகளின் தீட்டைப் பற்றி மாப்பிள்ளையிடம் எவரும் பேச முடியாதே.

அவர் காலையில் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டே கிணற்றடிக்குப் போனார். நான் கொட்டகையில் சாணிக் கூடையோடு நின்றிருந்தேன். அவர் கிணற்றுக்குள் குனிந்து பார்த்தார். அப்புறம் ஒரு குடத்தைத் தூக்கி அதன் வாயில் மிதந்த படலத்தை வேப்பங்குச்சியால் கலக்கினார்.

"மாமா! இங்க வாங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் பாம்போ என்று எல்லோரும் ஓடி வந்தார்கள்.

"பாருங்க, எண்ணையாட்டம் மினுங்குது. ஆனா எண்ண இல்ல. எண்ணையா இருந்தா கலக்குனாலும் மறுக்கா ஒண்ணு சேந்துக்கும். இது பாருங்க, அப்பளமாட்ட நொறுங்குது. நொறுங்குன துண்டு துண்டாவே நிக்குது!" அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. "கெணத்த எப்ப ஆழப்படுத்துனீங்க?"

"சித்திரைல" என்றார் மாமனார், பழைய பெருமையோடு. "பாறைக்கடியில ஊத்துத் தொறந்துச்சு."

"அந்த ஊத்துத் தண்ணில இரும்பு இருக்குதுங்க. இரும்புத் தண்ணி காத்துப் படற எடத்துல இது வளரும். கண்ணுக்குத் தெரியாத உசுரு. அது சாகச் சாக அதோட கூடு துருப்புடிச்சுச் சேந்து இப்புடிக் கொழகொழன்னு தொங்கும். ஆளுக்கு ஒண்ணும் பண்ணாது." படிக்கல்லிலிருந்து ஒரு விரல் வழித்து எல்லோருக்கும் காட்டினார், பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் சர்க்கரை கொடுக்கிற மாதிரி.

மாமியார் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். சின்ன மாமியார் சட்டென்று வீட்டுக்குள் போய்விட்டார். அந்த அண்ணன் பாட்டுக்கு ஒரு சீசாவில் அந்தக் கொழகொழப்பைப் பிடித்து மூடியிட்டு, அடுத்த ஞாயிறு மைக்ராஸ்கோப்போடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். என்னைக் காப்பாற்றியது அவருக்குத் தெரியாது. கடைசிவரை தெரியாது.

அந்த ஞாயிறு வந்தது. நான் சாளையில் இருந்தேன். ஆமாம், அதே காரணத்துக்காகத்தான். ஊரே வந்து குழாய் வழியாக அந்த உசுரைப் பார்த்துக்கொண்டிருக்க, யார் மேல் அந்தப் பழி விழுந்ததோ அவள் மட்டும் ஓலைக்குப் பின்னால் உட்கார்ந்து காதால் பார்த்தாள். எழுந்து வாசல் வரை போயிருந்தால் அந்த அண்ணன் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டார். நான் எழவில்லை.

"நூலாட்டம் இருக்குது மாப்பிள்ள" என்றது மாமியாரின் குரல். "உள்ள ஒண்ணுமில்ல, வெறுங்குழலாட்ட."

"அது அதோட உறைங்க அத்தை. உள்ள இருந்தது வெளிய போயிருச்சு. பக்கத்துல முறுக்குன கயிறாட்ட ஒண்ணு தெரியுதுங்களா? அது வேற. ரெண்டும் ஒண்ணேதான், வயசுக்குத் தகுந்தாப்புல உருவம் மாறுதுன்னு சொல்றவங்களும் இருக்கறாங்க."

சின்ன மாமியார் கேட்டார்: "அது என்ன சாதிங்க மாப்பிள்ள?"

அவர் சிரித்தார். "அதுதானுங்க சண்டையே. ஒரு புஸ்தகத்துல பாசியோட சேத்திருக்கறாங்க. ஒரு புஸ்தகத்துல காளான்ங்கறாங்க. இப்ப பாக்டீரியான்னு சொல்றாங்க, அதுலயும் எந்தக் கூட்டத்துல வெக்கறதுன்னு ஒருத்தருக்கொருத்தர் ஒத்துக்கல. இரும்பத் தின்னு பொழைக்குதா, சும்மா மேல பூசிக்குதா, அதுவே இன்னும் முடிவாகல."

"முடிவாகாததுக்கு எதுக்குங்க இத்தன பேரு?" என்றார் சின்ன மாமியார். அவர் குரலிலேயே தெரிந்தது, நம்பவில்லை. பாசி என்றால் பாசி, பூச்சி என்றால் பூச்சி. எது என்று படித்தவர்களே சொல்ல முடியாத ஒன்று வந்து கிணற்றைக் கெடுத்தது என்றால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது? நான் யார், யார் மகள், எந்தக் கூட்டம், எந்தக் கோயில் என்பதெல்லாம் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். குற்றவாளியாக இருப்பதற்கு நான்தான் வசதி.

மாமியார் நம்பினார். தன் கண்ணால் பார்த்தவர் அவர். மத்தியானம் சோற்றை இலையில் கட்டி எடுத்துக்கொண்டு சாளைப் பக்கம் வந்து, எட்ட வைத்தார். போகவில்லை. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்புறம் எதுக்குப் புள்ள தொட்டேன்னு சொன்ன?"

கோபமாகத்தான் கேட்டார். இல்லாத பாவத்தை அவர் தலையில் நான்தான் ஏற்றி வைத்துவிட்டேன் என்கிற கோபம். எண்ணெய் விஷயத்தில் நான் இல்லை என்று சொன்னதை அவர் நம்பாததை ஞாபகப்படுத்தியிருக்கலாம். உங்கள் மகன்தான் சொல்லச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தில் மனுஷி ஊமையாகிவிடுவாள் என்பதை அன்று அறிந்தேன். செய்த தப்புக்குக்கூட ஏதாவது சமாதானம் சொல்லிவிடலாம். செய்யாததைச் செய்ததாகச் சொன்னதற்கு என்ன சமாதானம் இருக்கிறது?

அவர் தூணை விட்டுத் திரும்பினார். "சோறு ஆறுது, தின்னு" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வழக்கமாகத் தண்ணீர் கொண்டுவரும் பெண்ணுக்குப் பதில் அவரே குடத்தோடு வந்து என் கையில் ஊற்றினார். எட்ட நின்றுதான் ஊற்றினார். ஆனால் நெடுநேரம் ஊற்றினார்.

வண்டி கட்டவில்லை. என்னை அனுப்பவில்லை என்று யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை. வாசலில் மணலும் கரியும் அடுக்கிய தொட்டி ஒன்று வைத்து, தண்ணீரை அதில் ஊற்றி வடித்துக் குடிக்க ஆரம்பித்தோம். இரும்பு வாடை குறைந்தது. சின்ன மாமியார் மட்டும் தன் வீட்டுக்குத் தனிக் கயிறு வைத்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் போனால் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போவார். அந்தக் கயிற்றிலும் சிவப்பாகத் தொங்கியது. அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சாம்பல் போட்டுத் தேய்ப்பார்.

வெகு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அந்த அண்ணனைப் பிடித்து, அது என்ன சாதி என்று முடிவாகிவிட்டதா என்று கேட்டேன். இவள் இதையெல்லாம் கேட்கிறாளே என்று அவருக்கு ஆச்சரியம். அதன் பேர் லெப்டோத்ரிக்ஸ் என்றார். மெல்லிய மயிர் என்று அர்த்தமாம். அமெரிக்காக்காரர்கள் பெரிய புஸ்தகம் ஒன்று போட்டிருப்பதாகவும், அதில் உறை போட்ட பாக்டீரியாக்களை ஒரு தனி வகுப்பாக வைத்து இதை அதில் சேர்த்திருப்பதாகவும் சொன்னார். "ஆனா நம்பிராதீங்க, அடுத்த பதிப்புல மாத்திப்போடுவாங்க" என்று சிரித்துவிட்டுப் பாயசத்துக்குப் போனார். நான் அந்தப் பேரை இரண்டு மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. அப்பா அதற்குள் போய்விட்டார்.

அவரிடம் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதைத்தான் இவ்வளவு நேரம் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

மைக்ராஸ்கோப் வந்த அதே வருஷம், மாசியில், எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்குப் பிறந்த வீடு போனேன். கிணற்றடியில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னதற்குப் பிறகு அப்பாவை அன்றுதான் பார்க்கிறேன். சந்தைக்கு வந்தவர் ஒரு தடவையும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. வழி நெடுக வண்டியில் சொல்ல வேண்டியதைக் கோத்து வைத்துக்கொண்டே போனேன். அப்பா கட்டுத்தறியில் மாட்டுக்குக் கொம்பு சீவிக்கொண்டிருந்தார். போன கால் நிற்பதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

ஊற்றுக்கண், இரும்பு, குச்சியால் கலக்கினால் அப்பளமாக நொறுங்குவது, குழலாட்டம் நூல், எல்லாவற்றையும் சொன்னேன். "நான் தொடவே இல்லீங்கப்பா. சும்மா ஆமான்னு சொன்னேன். அது அந்த உசுருதானுங்க."

அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். நான் முடித்ததும், "அது என்னம்மிணி, செடியா பூச்சியா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்?

"அது இன்னும் யாருக்கும் தெரியலீங்கப்பா. படிச்சவங்களே இன்னும் முடிவு பண்ணலையாமா."

அப்பா தலையை ஆட்டினார். பிள்ளைகள் உடைத்த பானைக்குக் கதை சொல்லும்போது பெரியவர்கள் ஆட்டுகிற ஆட்டம் அது. அவர் முகத்தில் கோபம் இல்லை, பாசம்தான் இருந்தது. என் தலையில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் இன்றும் இருக்கிறது.

"அது செரி, உடு அம்மிணி. அதான் முடிஞ்சு போச்சல்ல? இனிமே பாத்து நடந்துக்கோணும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் காது கேட்க, என் வாயால், ஊர் முன்னால் நான் சொன்ன ஒரு வார்த்தை இருந்தது. அதற்கு எதிராக என்னிடம் இருந்ததெல்லாம் பேர் வைக்கத் தெரியாத ஒரு துரு.

"செரிங்கப்பா. பாத்து நடந்துக்கறேன்" என்றேன்.